லைப்ரரிக்குள் நிற்க மறுக்கும் பிரேக்பாயிண்ட்: வாசகர் கேள்வி – பதில்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஒரு வரியில் நிறுத்திப் பார்க்க வைக்கும் குறிதான் பிரேக்பாயிண்ட்; ஒரு நிபந்தனை உண்மையானால் மட்டும் நிறுத்துவது நிபந்தனைப் பிரேக்பாயிண்ட். சொந்த நிரலில் ஒழுங்காக வேலை செய்யும் அது, பிறர் எழுதிய லைப்ரரிக்குள் (ஆயத்த நிரல் தொகுப்புக்குள்) வைத்தவுடன் நிற்பதே இல்லை, அல்லது கண்ட இடத்தில் நிற்கிறது, அல்லது நிரலையே நத்தையாக்கிவிடுகிறது என்று இம்முறை பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். நிபந்தனையை எழுதுபவர் நாம்தான் என்றாலும், அது மதிப்பிடப்படும் இடம் லைப்ரரியின் எல்லைக்குள் இருப்பதால், அங்கே எந்தப் பெயர்கள் செல்லுபடியாகும் என்பதை அந்த லைப்ரரியைக் கம்பைல் செய்தவரே (இயங்கும் வடிவுக்கு மாற்றியவரே) முன்கூட்டித் தீர்மானித்திருப்பார். கீழுள்ள பதில்களில் சில இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன.

கேள்வி: ஜாவா 8-இல் ஓடும் பழைய நிரல் ஒன்றைப் பராமரிக்கிறேன். சாவி–மதிப்பு இணைகளைச் சேமிக்கும் ஹாஷ்மேப் கிளாஸின் 'புட்வேல்' மெத்தடுக்குள் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து, 'கீ' என்ற மாறி ஒரு குறிப்பிட்ட சரமாக இருந்தால் மட்டும் நிற்க வேண்டும் என்று நிபந்தனை கொடுத்தேன். 'கீ' என்ற பெயரை அடையாளம் காண முடியவில்லை என்று ஐ.டி.இ. (நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) பிழை காட்டுகிறது. ஆனால் அந்த வரி என் கண் முன்னால் இருக்கிறது. அதில் 'கீ' என்றுதான் எழுதியிருக்கிறது. நிபந்தனையை நீக்கினால் பிரேக்பாயிண்ட் நிற்கவும் செய்கிறது. இது ஐ.டி.இ.யின் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. நீங்கள் பார்ப்பது ஒன்று, ஓடுவது வேறொன்று. திரையில் விரிந்திருப்பது சோர்ஸ் கோப்பு; ஜே.வி.எம். (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருள்) ஓட்டுவது கம்பைல் செய்யப்பட்ட கிளாஸ் கோப்பு. இரண்டையும் இணைப்பதற்காகக் கம்பைலர் கிளாஸ் கோப்புக்குள் மூன்று வகைக் குறிப்புகளை எழுதிவைக்க முடியும். சோர்ஸ் கோப்பின் பெயர் ஒன்று, எந்தக் கட்டளை எந்த வரியைச் சேர்ந்தது என்னும் வரி எண் அட்டவணை இரண்டாவது, மெத்தடுக்குள் இருக்கும் உள்ளூர் மாறிகளின் பெயர், வகை, அவை உயிருடன் இருக்கும் பகுதி ஆகியவற்றைச் சொல்லும் மாறி அட்டவணை மூன்றாவது. பிரேக்பாயிண்ட் நிற்பதற்கு வரி எண் அட்டவணை போதும். 'கீ' என்ற பெயரைக் கொண்டு நிபந்தனை எழுத வேண்டுமானால் மாறி அட்டவணை தேவை.

ஜாவா கம்பைலருக்கு 'ஜி' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் மூன்றையும் எழுதும்; எதுவும் கொடுக்காவிட்டால் முதல் இரண்டை மட்டும் எழுதும். ஜாவா 8 காலத்து ஜே.டி.கே.யின் (ஜாவா உருவாக்கக் கருவித் தொகுப்பின்) அடிப்படைக் கிளாஸ்கள் அடங்கிய 'ஆர்டி ஜார்' கோப்பில் வரி எண்கள் இருந்தன, மாறி அட்டவணை இல்லை. ஆகவே நிபந்தனை இல்லாமல் நின்ற பிரேக்பாயிண்ட், நிபந்தனை சேர்த்ததும் பிழை காட்டியது இயல்பே. மேவன், கிரேடில் போன்ற நிரல் கட்டும் கருவிகள் டீபக் (பிழை தேடும்) குறிப்புகளை இயல்பாகவே சேர்த்துவிடுவதால், நம் சொந்த நிரலில் இந்தக் குறையை நாம் சந்திப்பதே இல்லை. அதனாலேயே லைப்ரரிக்குள் அதைச் சந்திக்கும்போது திகைத்துப்போகிறோம்.

இங்கே இன்னொரு குழப்பமும் நேரும். நிபந்தனையை நீக்கிவிட்டு நின்ற இடத்தில் மாறிகள் பட்டியலைப் பார்த்தால், 'கீ' என்ற பெயர் இல்லாவிட்டாலும் அதன் மதிப்பு மட்டும் ஏதோ ஓர் எண்ணிட்ட பெயரோடு தெரியக்கூடும். மெத்தடுக்கு வந்த அளவுருக்களின் மதிப்புகளை, பெயர் அட்டவணை இல்லாவிட்டாலும் வாங்கித்தரும் வசதி ஜாவாவின் டீபக் இடைமுகத்தில் இருக்கிறது. பெயரில்லாத அந்த மதிப்புகளுக்கு ஐ.டி.இ. தானாக ஒரு பெயர் சூட்டிக் காட்டுகிறது. அந்தச் சூட்டிய பெயரை நிபந்தனையில் பயன்படுத்த முடியுமா என்பது ஐ.டி.இ.க்கு ஐ.டி.இ. மாறும், முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. மெத்தடுக்குள்ளேயே பிறந்த 'டேப்', 'பி' போன்ற மாறிகளுக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

அப்படியானால் என்ன செய்வது? என் வரிசை இது. முதலில், உள்ளூர் மாறியை விட்டுவிட்டு ஆப்ஜெக்டின் புலங்களை (அதனுள் சேமித்த மதிப்புகளை) கொண்டு நிபந்தனையை எழுத முடியுமா என்று பார்ப்பேன். புலங்களின் பெயர்கள் கிளாஸின் அமைப்பிலேயே இருப்பதால் அவற்றுக்கு மாறி அட்டவணை தேவையில்லை. ஆகையால் 'திஸ்' என்று தொடங்கும் நிபந்தனைகள் பெரும்பாலும் வேலை செய்யும். உதாரணமாக, ஹாஷ்மேப்பின் 'சைஸ்' என்ற புலம் 12-ஐத் தாண்டும்போது நில் என்று எழுதலாம். அது போதாவிட்டால், லைப்ரரியை அழைக்கும் நம் சொந்த வரிக்கு ஒரு படி மேலேறி, அங்கே நிபந்தனையை வைத்துவிட்டு, நின்ற பிறகு உள்ளே அடியெடுத்து வைப்பேன். இது மிக எளிய வழி. ஆனாலும் லைப்ரரிக்குள்தான் நிற்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் பலருக்கும் இது தோன்றுவதில்லை. எனக்கும் முதலில் தோன்றியதில்லை. மூன்றாவது வழி, திறந்த மூல லைப்ரரியாக இருந்தால் அதே பதிப்பின் சோர்ஸை எடுத்து 'ஜி' விருப்பத்துடன் நாமே கம்பைல் செய்து, அந்த ஜாரைப் பழையதற்குப் பதிலாக வைப்பது. ஒரே ஒரு கிளாஸ் மட்டும் தேவையென்றால், அதன் சோர்ஸை அதே பேக்கேஜ் பெயருடன் நம் புராஜெக்டுக்குள் நகலெடுத்து, கிளாஸ்பாத்தில் (கிளாஸ்களைத் தேடும் பாதைப் பட்டியலில்) ஜாருக்கு முன்னால் வரும்படி வைத்தாலும் போதும். வேலை முடிந்ததும் அந்த நகலை நீக்க மறக்கக் கூடாது. மறந்துபோன நகல், லைப்ரரியை மேம்படுத்திய பின்னும் பழைய கிளாஸையே ஓட்டிக்கொண்டிருக்கும். ஜே.டி.கே.யின் சொந்தக் கிளாஸ்களுக்கு இந்த நகல் வழி இப்படி நேரடியாகச் செல்லாது.

'பாராமீட்டர்ஸ்' என்றொரு கம்பைலர் விருப்பம் இருக்கிறதே, அது உதவாதா என்று சிலர் கேட்பார்கள். உதவாது. அது ரிஃப்ளெக்‌ஷனுக்காக (நிரல் ஓடும்போதே கிளாஸ்களின் அமைப்பை ஆராய்வதற்காக) அளவுருப் பெயர்களை வேறொரு பகுதியில் எழுதிவைக்கிறது. அது மாறி அட்டவணை ஆகாது.

கேள்வி: பைத்தானில் எழுதுகிறேன். வி.எஸ். கோட் பயன்படுத்துகிறேன். நிறுவிய லைப்ரரியின் கோப்பைத் திறந்து, அதில் வைத்த நிபந்தனைப் பிரேக்பாயிண்டில் நிரல் ஒருமுறைகூட நிற்கவில்லை. நிபந்தனையை எத்தனையோ விதமாக மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன்.

பதில்: நிபந்தனையை மாற்றி எழுதுவதை நிறுத்திவிட்டு, முதலில் அதை முழுவதுமாக நீக்கிப் பாருங்கள். வெறும் பிரேக்பாயிண்டே நிற்கவில்லை என்றால் குற்றவாளி நிபந்தனை அல்ல. நான் அறிந்தவரை இந்தப் புகாரில் பெரும்பாலும் காரணம் 'ஜஸ்ட் மை கோட்' என்னும் அமைப்புதான். வி.எஸ். கோடின் பைத்தான் டீபக்கரில் அது இயல்பாகவே இயங்குநிலையில் இருக்கும். அப்போது லைப்ரரிக் கோப்புகள் யாவும் 'நம் நிரல் அல்ல' என்று ஒதுக்கப்பட்டுவிடும். 'லாஞ்ச்' ஜேசான் கோப்பில் அந்த அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். டாட்நெட்டுக்காக விஷுவல் ஸ்டூடியோவிலும் இதே பெயரில் ஓர் அமைப்பு உண்டு.

அதற்குப் பிறகும் நிற்கவில்லையென்றால், நீங்கள் திறந்து வைத்திருக்கும் கோப்புதான் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரே கணினியில் இரண்டு மூன்று விர்ச்சுவல் என்விரான்மென்ட்கள் (தனித்தனிப் பைத்தான் சூழல்கள்) இருப்பது சாதாரணம். ஒன்றிலுள்ள கோப்பில் பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டு மற்றொன்றை ஓட்டுவதும் சாதாரணம். மாட்யூலை இறக்குமதி செய்த பிறகு அதன் 'ஃபைல்' என்ற பண்பை அச்சிட்டுப் பார்த்தால், எந்தப் பாதையிலிருந்து அது ஏற்றப்பட்டது என்று தெரிந்துவிடும். ஒருமுறை இந்த ஒரு வரியை அச்சிட்டுப் பார்க்கச் சோம்பிக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதையும் நான் வீணாக்கியிருக்கிறேன்.

பைத்தான் 3.11 முதல் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. நிரல் விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக, தொடக்கத்தில் தேவைப்படும் சில அடிப்படை மாட்யூல்கள், 'ஓஎஸ்' உட்பட, இன்டர்பிரிட்டருக்குள்ளேயே உறைந்த வடிவில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் டீபக்கர் பிரேக்பாயிண்டுகளைத் தவறவிடக்கூடும் என்று எச்சரிக்கை வரியும் திரையில் வரும். நாம்தான் அதை வாசிப்பதில்லை. 'ஃப்ரோசன் மாட்யூல்ஸ்' என்ற எக்ஸ் விருப்பத்தை 'ஆஃப்' என்று கொடுத்து இன்டர்பிரிட்டரைத் தொடங்கினால் அந்த மாட்யூல்கள் சாதாரணக் கோப்பிலிருந்து ஏற்றப்படும்.

நீங்கள் நிற்க நினைக்கும் இடம் சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்யப்பட்ட பகுதியாக இருந்தால், எண்கணக்கு லைப்ரரியான நம்பையின் உட்கணக்குகளைப் போல, பைத்தான் டீபக்கருக்கு அங்கே நுழைவே கிடையாது. அதற்கு ஜி.டி.பி. போன்ற வேறொரு டீபக்கர் வேண்டும்.

கேள்வி: ஜாவா லைப்ரரிக்குள் பிரேக்பாயிண்ட் நிற்கிறது, ஆனால் வெற்று வரியிலும், கருத்துரை வரியிலும் நிற்கிறது. மாறிகளின் மதிப்புகளும் அந்த வரியோடு பொருந்தவில்லை.

பதில்: சோர்ஸின் பதிப்பும் ஜாரின் பதிப்பும் வேறு வேறு. லைப்ரரியின் சரியான பதிப்புக்குரிய சோர்ஸ் ஜாரை இணைத்தால் தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால், கிளாஸ்பாத்தில் அதே கிளாஸின் இரண்டு பிரதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிற லைப்ரரிகளைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட பெரிய ஜார்களில் இது அடிக்கடி நேரும். நின்ற இடத்திலேயே அந்த ஆப்ஜெக்டின் கிளாஸை எடுத்து, அதன் 'புரொடெக்‌ஷன் டொமைன்', அதன் 'கோட் சோர்ஸ்', அதன் 'லொகேஷன்' என்று வரிசையாகக் கேட்டால், எந்த ஜாரிலிருந்து வந்தது என்று முகவரியோடு சொல்லும். ஜே.டி.கே.யின் அடிப்படைக் கிளாஸ்களுக்கு மட்டும் 'கோட் சோர்ஸ்' என்பது 'நல்' (மதிப்பே இல்லை) ஆக இருக்கும்.

கேள்வி: லைப்ரரியில் நிபந்தனைப் பிரேக்பாயிண்ட் வைத்தால் என் ஜாவா நிரல் தொடங்கவே பல நிமிடங்கள் ஆகின்றன. நிபந்தனை பொய்யாக இருக்கும்வரை நிரல் நிற்கப்போவதில்லை என்னும்போது ஏன் இந்தத் தாமதம்?

பதில்: நிரல் நிற்காதது போலத் தோன்றுகிறது, உண்மையில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டுத்தான் போகிறது. நிபந்தனையைச் சரிபார்ப்பது ஜே.வி.எம். அல்ல, ஐ.டி.இ.

அந்த வரியை ஒருமுறை நிரல் கடக்கும்போது நடப்பதைப் பாருங்கள். த்ரெட் (நிரலின் ஓர் ஓட்ட இழை) நிறுத்தப்படுகிறது. 'இந்த இடத்தில் நின்றிருக்கிறேன்' என்று ஜே.வி.எம்., ஜே.டி.டபிள்யூ.பி. என்னும் நெறிமுறை வழியாக ஐ.டி.இ.க்குச் செய்தி அனுப்புகிறது. ஐ.டி.இ. அந்த த்ரெட்டின் மேல் அடுக்கை (இப்போது ஓடும் மெத்தடின் விவரங்களை) கேட்டு வாங்குகிறது. நிபந்தனையில் ஒரு மாறி இருந்தால் அதன் மதிப்பைக் கேட்கிறது. வருவது ஆப்ஜெக்டின் அடையாள எண் மட்டுமே. அது சரமாக இருந்தால் உள்ளடக்கத்தைத் தனியாகக் கேட்கிறது. நிபந்தனையில் ஒரு மெத்தட் அழைப்பு இருந்தால், அந்த மெத்தடை நிறுத்திய த்ரெட்டில் ஓட்டும்படி கேட்டு, முடிவு வரும்வரை காத்திருக்கிறது. எல்லாம் முடிந்து, விடை 'பொய்' என்று தெரிந்த பிறகு, 'தொடர்ந்து ஓடு' என்று கட்டளை அனுப்புகிறது. ஒரு முறைக்கு ஒரு மில்லி விநாடிதான் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், 2,00,000 முறை கடந்தால் 200 விநாடி; அதாவது 3 நிமிடம் 20 விநாடி. ஹாஷ்மேப்பின் 'புட்' போன்ற மெத்தடை, உங்கள் நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே ஜாவாவின் தொடக்கப் பணிகள் பலமுறை அழைத்துவிடும். பெரிய ஃபிரேம்வொர்க் ஒன்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். டீபக் செய்யப்படும் நிரல் வேறொரு கணினியில் இருந்தால் ஒவ்வொரு செய்தியும் வலையமைப்பைக் கடந்து போய்வர வேண்டும்.

நிபந்தனையை ஜே.வி.எம்.முக்கே அனுப்பிவிட்டால் என்ன என்ற எண்ணம் அந்த நெறிமுறையை வகுத்தவர்களுக்கும் இருந்திருக்கிறது. நிகழ்வுகளை வடிகட்டுவதற்கு அதில் பல வகைகள் உள்ளன: இத்தனையாவது முறை, இந்த த்ரெட்டில் மட்டும், இந்தக் கிளாஸில் மட்டும், இந்த ஆப்ஜெக்டில் மட்டும் என்று. இரண்டாம் எண்ணுக்கு உரிய வகை 'நிபந்தனை' என்பதே. ஆனால் அதற்கு நேரே 'எதிர்காலத்துக்காக' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எதிர்காலம் இன்னும் வரவில்லை.

நமக்குப் பயன்படும் குறிப்பும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. த்ரெட், ஆப்ஜெக்ட், எண்ணிக்கை ஆகிய வடிகட்டிகளை ஜே.வி.எம். தானே செய்ய முடியும் என்பதால், நிபந்தனைக்குப் பதிலாக அவற்றில் ஒன்றால் காரியம் முடிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். குறிப்பிட்ட ஒரு மேப் ஆப்ஜெக்டில்தான் சிக்கல் என்று தெரிந்தால், அது உருவான இடத்தில் ஒருமுறை நின்று, அதன் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த ஆப்ஜெக்டுக்கு மட்டும் நிற்குமாறு வடிகட்டி வைப்பது சுற்றுவழி போலத் தோன்றினாலும் விரைவானது.

இருப்பினும் உங்கள் நிலைமைக்கு நான் பரிந்துரைப்பது சார்பு பிரேக்பாயிண்ட். லைப்ரரிக்குள் இருக்கும் பிரேக்பாயிண்டை முதலில் முடக்கி வைத்துவிட்டு, உங்கள் சொந்த நிரலில் உள்ள இன்னொரு பிரேக்பாயிண்டைத் தொட்ட பிறகே அது விழித்தெழும்படி அமைக்கலாம். இன்டெல்லிஜேயில், வேறொரு பிரேக்பாயிண்டைத் தொடும்வரை முடக்கி வை என்ற பொருளில் இந்த வசதி இருக்கிறது, எக்லிப்ஸில் இதற்கு 'ட்ரிகர் பாயிண்ட்' என்று பெயர், வி.எஸ். கோடிலும் விஷுவல் ஸ்டூடியோ 2022-லும் இது உண்டு. முடங்கியிருக்கும் பிரேக்பாயிண்டுக்காக ஜே.வி.எம். எங்கும் நிற்பதில்லை என்பதால் தொடக்க வேளையின் அழைப்புகள் அனைத்தும் முழு வேகத்தில் கடந்துவிடும்; நீங்கள் சந்தேகப்படும் அந்த ஒரு கோரிக்கை வரும்போதுதான் நிபந்தனை வேலை செய்யத் தொடங்கும்.

பிரேக்பாயிண்டை வரியின் மேல் வைக்காமல் மெத்தடின் தலைப்பில் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மெத்தட் பிரேக்பாயிண்டுகள் சில அமைப்புகளில் எல்லா மெத்தட் நுழைவுகளையும் கவனிக்கச் சொல்லும். வரிப் பிரேக்பாயிண்டுகளைவிட அவை பல மடங்கு மெதுவானவை.

பைத்தானில் நிபந்தனை நிரலின் உள்ளேயே மதிப்பிடப்படுவதால் இந்தச் செய்திப் போக்குவரத்து இல்லை. ஜி.டி.பி.யில் இயல்பாக டீபக்கரே மதிப்பிடுகிறது, ஆனால் ஜி.டி.பி. சர்வரோடு வேலை செய்யும்போது நிபந்தனையை எதிர்முனைக்கு அனுப்பி அங்கேயே மதிப்பிடச் செய்யலாம்.

கேள்வி: நிபந்தனையில் எந்தப் பிழையும் காட்டவில்லை, எனினும் எதிர்பார்த்த மதிப்பு வரும்போது நிற்பதில்லை. மாறிகள் பட்டியலில் அதே மதிப்பைக் கண்ணால் பார்க்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று நிபந்தனைகளையும் பார்த்தேன். முதலாவதில் சரத்தை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஜாவாவில் அது உள்ளடக்கத்தை ஒப்பிடுவதில்லை. இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று கேட்கிறது. 'ஈக்வல்ஸ்' மெத்தடைப் பயன்படுத்துங்கள். அதுவும் நிலையான சரத்தை இடப்பக்கத்தில் வைத்து அழையுங்கள். லைப்ரரிக்குள் 'நல்' மதிப்புகள் தாராளமாக வந்துபோகும். மாறியை இடப்பக்கத்தில் வைத்தால் முதல் 'நல்' வந்தவுடன் நிபந்தனையே எக்ஸெப்ஷனில் முடியும்.

இரண்டாவது நிபந்தனை விந்தையானது. 100 என்ற எண்ணுக்கு நிற்கிறது, 1000 என்ற எண்ணுக்கு நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒப்பிடுபவை 'இன்டிஜர்' ஆப்ஜெக்ட்கள் இரண்டு. ஜாவா −128 முதல் 127 வரையிலான இன்டிஜர் ஆப்ஜெக்ட்களைத் தயாராக வைத்திருந்து மீண்டும் மீண்டும் அவற்றையே கொடுக்கும். அதனால் 100-க்கு இரட்டைச் சமக்குறி தற்செயலாக உண்மையாகிறது. 1000-க்கு இரண்டு தனித்தனி ஆப்ஜெக்ட்கள் உருவாவதால் பொய்யாகிறது. சொந்த நிரலில் பெரும்பாலும் வெறும் 'இன்ட்' மாறிகளையே பயன்படுத்துவதால் இந்தப் பொறியில் நாம் விழுவது குறைவு. லைப்ரரிக்குள் ஜெனரிக் வகைகளின் வழியே வரும் எண்கள் யாவும் ஆப்ஜெக்ட்களாகவே வருகின்றன. 'ஈக்வல்ஸ்' எழுதினாலும் ஒன்றைக் கவனியுங்கள்: 'லாங்' வகை 5-உம் 'இன்டிஜர்' வகை 5-உம் 'ஈக்வல்ஸ்' பார்வையில் சமமல்ல.

மூன்றாவதில், லைப்ரரியின் மாறியில் உங்கள் கிளாஸுக்குரிய மெத்தடை நேரடியாக அழைத்திருக்கிறீர்கள். லைப்ரரியை எழுதியவருக்கு உங்கள் கிளாஸ் தெரியாது. அங்கே அந்த மாறி வெறும் 'ஆப்ஜெக்ட்' வகையே. உங்கள் வகைக்கு மாற்றி எழுத வேண்டும். அப்படி மாற்றும்போது கிளாஸின் பெயரைப் பேக்கேஜோடு முழுமையாக எழுத வேண்டும், ஏனெனில் அந்தக் கோப்பின் மேற்புறத்தில் உங்கள் கிளாஸுக்கான 'இம்போர்ட்' வரி இல்லை. அதையும் ஐ.டி.இ. ஏற்காவிட்டால், ஆப்ஜெக்டின் கிளாஸ் பெயரைச் சரமாக வாங்கி ஒப்பிடுவது அழகற்ற வழிதான், ஆனால் பெரும்பாலும் கைவிடாத வழி.

நிபந்தனை எப்போதும் உண்மையாகிறது என்று இன்னொரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய நிபந்தனையில் ஒற்றைச் சமக்குறி இருக்கிறது. அது ஒப்பிடவில்லை, ஒவ்வொரு முறையும் அந்த மாறிக்குப் புதிய மதிப்பைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. அவர் தேடிக்கொண்டிருந்த பிழையின் ஒரு பகுதியை அந்த நிபந்தனையே உண்டாக்கிக்கொண்டிருந்தது. பைத்தானின் 'பி.டி.பி.' டீபக்கரில் எப்போதும் நிற்பதாகத் தோன்றினால் வேறு காரணம் இருக்கலாம்: நிபந்தனையை மதிப்பிடும்போது எக்ஸெப்ஷன் எழுந்தால், பாதுகாப்பான பக்கம் சாய்ந்து அது நின்றுவிடும். எனவே மாறியின் பெயரைப் பிழையாகத் தட்டச்சு செய்தாலும் ஒவ்வொரு முறையும் நிற்கும்.

கேள்வி: சி++ லைப்ரரி. நிபந்தனையில் உள்ள மாறி 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று வருகிறது.

பதில்: கம்பைலர் அந்த மாறியைத் தனியே வைத்திருக்கவில்லை, பதிவேட்டிலேயே (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்திலேயே) கணக்கை முடித்து, தேவை தீர்ந்ததும் அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டது. மேம்படுத்தலைக் குறைத்து லைப்ரரியை மறுபடி கம்பைல் செய்வதே நேர்வழி. முடியாதபோது, ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே பிரேக்பாயிண்ட் வைத்து, நிபந்தனையைப் பதிவேட்டின் பெயரால் எழுதலாம். 64-பிட் லினக்ஸில், எக்ஸ்86 செயலியில், முதல் முழு எண் அல்லது பாயிண்டர் அளவுரு ஆர்.டி.ஐ. பதிவேட்டிலும் இரண்டாவது ஆர்.எஸ்.ஐ. பதிவேட்டிலும் வரும், 64-பிட் விண்டோஸில் முதலாவது ஆர்.சி.எக்ஸ். பதிவேட்டில் வரும். முதல் கட்டளையைத் தாண்டிவிட்டால் அவை அங்கேயே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. டீபக் குறிப்புகளே இல்லையென்றால், பல லினக்ஸ் வழங்கல்கள் அவற்றைத் தனிப் பொதியாகத் தருகின்றன; ஜி.டி.பி. 10 முதல் 'டீபக்இன்ஃபோடி' சேவையகங்களிலிருந்து தானாகவே இறக்கிக்கொள்ளவும் முடியும்.

கேள்வி: நிபந்தனைப் பிரேக்பாயிண்ட் வைத்தால் என் நிரல் சில வேளைகளில் உறைந்துவிடுகிறது, சில வேளைகளில் முடிவே மாறிவிடுகிறது. பிரேக்பாயிண்டை நீக்கினால் எல்லாம் சரியாக ஓடுகிறது.

பதில்: உங்கள் நிபந்தனை 'நெக்ஸ்ட்' என்ற மெத்தடை அழைக்கிறது. இட்டரேட்டரில் (உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஆப்ஜெக்டில்) அந்த மெத்தட் ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் உறுப்பை நகர்த்திவிடும். டீபக்கர் ஒருமுறை நகர்த்துகிறது, லைப்ரரி இன்னொரு முறை நகர்த்துகிறது; பாதி உறுப்புகள் காணாமற்போவதில் வியப்பில்லை. ஸ்ட்ரீமிலிருந்து வாசிப்பதும் அப்படியே. பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும் 'டூஸ்ட்ரிங்' கூட, தேவைப்படும்போது மட்டும் தரவுத்தளத்திலிருந்து விவரங்களைக் கொண்டுவரும் ஆப்ஜெக்ட்களில், ஒரு வினவலையே ஓட்டிவிடும். ஆகவே நிபந்தனைக்குள் மெத்தட் அழைப்புகளைத் தவிர்த்து, முடிந்தவரை புலங்களை மட்டும் பாருங்கள்; வேகமும் கூடும்.

உறைந்துபோவதற்குக் காரணம் பூட்டு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழையும்படி தடுக்கும் ஏற்பாடு. பிரேக்பாயிண்டில் எல்லா த்ரெட்களும் நிறுத்தப்பட்டிருக்கும் நிலையில், நிபந்தனையிலுள்ள மெத்தடை ஓட்டுவதற்காக டீபக்கர் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிட்டால், அந்த மெத்தடுக்குத் தேவையான பூட்டு நிறுத்தப்பட்ட வேறொரு த்ரெட்டின் கையில் இருக்கக்கூடும். அது விடுவிக்கப் போவதில்லை, இது காத்திருப்பதை நிறுத்தப் போவதில்லை. பிரேக்பாயிண்டின் அமைப்பில் 'எல்லா த்ரெட்களையும் நிறுத்து' என்பதை 'இந்த த்ரெட்டை மட்டும் நிறுத்து' என்று மாற்றினால் பெரும்பாலும் தீரும். அதன் பிறகும் உறைந்தால், நிறுத்தாமல் பதிவு மட்டும் எழுதும் பிரேக்பாயிண்டாக அதை மாற்றி, ஆப்ஜெக்டின் அடையாள எண்ணையும் ஓரிரு புலங்களையும் அச்சிடச் செய்து, கிடைக்கும் வரிகளில் சந்தேகத்துக்குரியதைத் தேடுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு த்ரெட்கள் ஒரே மேப்பில் எழுதுவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது ஹாஷ்மேப்பாக இருந்தால், பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் எழுதுவதற்கு அது ஏற்றதல்ல என்பதால், முடிவு மாறுவதற்கு அதுவே தனியொரு காரணம். பிரேக்பாயிண்ட் த்ரெட்களின் நேரத்தைச் சற்றே தள்ளிவைத்து, முன்பே இருந்த பிழையை வெளியே கொண்டுவந்திருக்கலாம். இரண்டு த்ரெட்களும் அந்த மேப்பைத் தொடும் வரிகளில் பதிவுப் பிரேக்பாயிண்ட் வைத்து, த்ரெட்டின் பெயரையும் சேர்த்து அச்சிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்த வரிகளைப் பார்ப்போம்.